பாதி மூடிய பாலம்: சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு எந்தப் பாதி?

ஒரு பெரிய பாலம் பழுதாகிவிட்டால், அதை முழுதாக மூடுவதா பாதியாக மூடுவதா என்று சொல்ல வேண்டியவர்கள் பொறியாளர்கள். விரிசல் எவ்வளவு ஆழம், பேரிங் எந்த நிலையில் இருக்கிறது, இன்னும் எத்தனை டன் தாங்கும் என்று அளந்து பார்த்து எடுக்கும் முடிவு அது. மீதிப் பாதியில் யார் போகலாம் என்பது வேறு முடிவு. நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துக் காவல்துறை, மாவட்ட நிர்வாகம் எல்லாம் உட்கார்ந்து பேசி அதை எடுக்கிறார்கள். லாரிகளை எந்த வழியில் திருப்புவது, பேருந்துகளுக்கு எங்கே தற்காலிக நிறுத்தம், கார்கள் எங்கே நெரிபடும் என்று விரிவாகவே யோசிக்கிறார்கள். சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவரின் நினைவு அந்தப் பேச்சில் அநேகமாக வருவதில்லை. பாலம் அடைபட்டால் உடம்பால் விலை கொடுப்பவர் அவர். பாலத்துக்கு மிகக் குறைந்த பாரம் தருகிறவரும் அவரே. ஆகவே திறந்திருக்கும் பாதியில் முதல் உரிமை நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும்தான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். சில பாலங்களின் அனுபவத்தை வைத்து அது எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கலாம்.

முதலில், எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த மற்ற வேலைகளுக்குச் செல்வோர் எதில் போகிறார்கள் என்று கேட்டது. நடந்து போகிறவர்கள் 22.6 சதவீதம். சைக்கிளில் போகிறவர்கள் 13.1 சதவீதம், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் பேர். ஸ்கூட்டர், மொபெட், மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்ந்து 12.7 சதவீதம். பேருந்து 11.4 சதவீதம். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்டன, அடுத்த கணக்கெடுப்பில் இந்த வரிசை மாறக்கூடும். ஆனால் அப்போதும் சைக்கிளிலேயே மிஞ்சியிருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். இரவுக் காவல் முடிந்து வீடு திரும்பும் செக்யூரிட்டி, கரண்டியும் தூக்குவாளியும் மாட்டிக்கொண்டு போகும் கொத்தனார், பெட்ரோல் விலைக்குக் கட்டுப்படியாகாத கடைச் சிப்பந்தி. இவர்களோடு பள்ளிப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்து வருகிறது. சைக்கிளைக் கையில் கொடுத்த அரசுக்கு, அது போகும் பாலத்தை மூடும்போது மாற்று வழி காட்டும் கடமையும் உண்டு.

மாற்றுப்பாதை என்ற ஏற்பாடு மோட்டாரை மனத்தில் வைத்துப் பிறந்தது. ஆறு கிலோமீட்டர் சுற்றிப் போகச் சொல்லும் பலகையைக் காரில் இருப்பவர் எரிச்சலோடு படிக்கிறார். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் அவருக்கு ஒன்பது நிமிடம் கூடுதல். சாதாரண சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகும். அதே ஆறு கிலோமீட்டர் 24 நிமிடம். போக வர 48 நிமிடம். எதிர்காற்று அடித்தால், கேரியரில் சுமை இருந்தால், பாலத்துக்கு ஏறும் மேடு நீளமாக இருந்தால் இன்னும் கூடும். இது வெறும் நேரக் கணக்கும் இல்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கப் போகிறவர் அந்த வேலைக்கு வைத்திருந்த பலத்தைச் சாலையிலேயே செலவழித்துவிட்டுப் போய்ச் சேருகிறார். சுற்றுப்பாதை பெரும்பாலும் நெடுஞ்சாலை வழியாக இருக்கும். பாலம் மூடியதால் அங்கே லாரியும் பேருந்தும் கூடியிருக்கும் அதே நாட்களில், அதுவரை அந்தச் சாலையை எட்டிப் பார்க்காத சைக்கிள்காரரும் அங்கே தள்ளப்படுகிறார். தூரமும் ஆபத்தும் ஒரே நாளில் கூடுகின்றன.

இந்தக் கேள்வியை ஒரே பாலத்தில் வைத்து ஆராய வேண்டுமானால் லண்டனின் ஹேமர்ஸ்மித் பாலத்தைவிடப் பொருத்தமானது கிடைக்காது. யாருக்கு வழி, யாருக்குத் தடை என்ற ஏற்பாடு அங்கே கால் நூற்றாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் பல முறை மாறியிருக்கிறது. லண்டனுக்குக் கழிவுநீர்ச் சாக்கடைகளை அமைத்துக் கொடுத்த ஜோசப் பேசல்ஜெட் வடிவமைத்து 1887இல் திறக்கப்பட்ட தொங்குபாலம் அது. அதே இடத்தில் 1827இல் கட்டப்பட்டிருந்த முதல் பாலம், தேம்ஸ் நதிமேல் அமைந்த முதல் தொங்குபாலம். அதன் தூண்களின் அடித்தளத்தின் மீதே இப்போதைய பாலம் நிற்கிறது. குதிரை வண்டிக்காகக் கட்டிய பாலம் 20ஆம் நூற்றாண்டின் கார்களையும் பேருந்துகளையும் சுமந்து களைத்துப்போனது.

1997 பிப்ரவரியில், பாரம் தாங்கும் பாகங்கள் துருப்பிடித்துத் தேய்ந்திருப்பது தெரிந்து பாலத்தைப் பாதி மூடினார்கள். கார்களும் லாரிகளும் நிறுத்தப்பட்டன. பேருந்து, சைக்கிள், மோட்டார் சைக்கிள், அவசர ஊர்திகள், நடப்பவர்கள் ஆகியோர் மட்டும் போகலாம் என்று வைத்தார்கள். 1998 ஜூலையில் எடைக் கட்டுப்பாட்டோடு எல்லோருக்கும் திறந்தார்கள். அந்தப் பதினேழு மாதங்கள் பாதி மூடலுக்கு நல்ல முன்மாதிரி. பாலத்தால் தாங்க முடிந்த அளவுக்குள், அதிகம் பேரை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் குறைந்த பாரம் தருகிறவர்களுக்கும் வழி விட்டார்கள்.

அப்படியானால் கார்கள் எல்லாம் எங்கே போயின? அடுத்த பாலங்களில் குவிந்து ஊரே ஸ்தம்பித்துவிடும் என்றுதான் எப்போதும் அஞ்சுகிறார்கள். சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2002இல் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார்கள். பதினொரு நாடுகளில், சாலையின் இடம் ஏதோ ஒரு காரணத்தால் குறைந்துபோன எழுபதுக்கு மேற்பட்ட நிகழ்வுகளை அவர்கள் திரட்டியிருந்தார்கள். அவற்றில் பாதி நிகழ்வுகளில், சுற்றுவட்டாரச் சாலைகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது, மொத்தப் போக்குவரத்தில் 11 சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது. சிலர் நேரத்தை மாற்றினார்கள், சிலர் ஒரே பயணத்தில் இரண்டு வேலைகளை முடித்தார்கள், சிலர் வாகனத்தையே மாற்றினார்கள். இந்த ஆய்வை அளவோடு பயன்படுத்த வேண்டும். சுற்றுச் சாலைகளில் நெரிசலே வராது என்று அது சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லப்படும் பேரிடர் பெரும்பாலும் வருவதில்லை என்பதைத்தான் காட்டுகிறது. காருக்கு வழி இல்லாமல் பாலம் திறந்து பயனில்லை என்ற வாதத்தை வலுவிழக்கச் செய்ய அது போதும்.

மறுபடியும் ஹேமர்ஸ்மித். 2019 ஏப்ரலில், சங்கிலிகளை நான்கு மூலைகளிலும் பிடித்திருக்கும் வார்ப்பிரும்புப் பீடங்களில் நுண்ணிய விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. மோட்டார் வாகனங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. சைக்கிளும் நடையும் தொடர்ந்தன. 2020 ஆகஸ்டில் வெயில் கடுமையாக அடித்தபோது விரிசல் வளர்ந்தது. வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது, உடையும்போது சட்டென்று உடையும். ஆகஸ்ட் 13 அன்று நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், பாலத்தின் கீழே போகும் படகுகள் உட்பட எல்லாவற்றுக்கும் பாலத்தை மூடிவிட்டார்கள்.

அதன் பிறகான பதினொரு மாதங்கள் அந்தப் பகுதிக்குப் பெரிய சோதனை. கீழ்ப்புறம் அடுத்த சாலைப் பாலம் பட்னி, மேற்புறம் சிசிக். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் புகழ்பெற்ற படகுப் போட்டி நடப்பது ஏறத்தாழ இந்த இரண்டு பாலங்களுக்கும் இடையேதான். அதன் நீளம் 6.8 கிலோமீட்டர். நடுவில் பார்ன்ஸ் ரயில் பாலத்தை ஒட்டி ஒரு நடைபாதை உண்டு. ஆனால் சைக்கிளைத் தூக்கிப் படியேற வேண்டும். அதுவரை பத்து நிமிடத்தில் ஆற்றைக் கடந்த பள்ளிப் பிள்ளைகளும் மருத்துவமனை ஊழியர்களும் இந்தச் சுற்றை நாள்தோறும் சுற்றினார்கள். படகுச் சேவை விடலாம் என்று திட்டம் போட்டார்கள். அது ஓடத் தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 17 அன்று, நடப்பவர்களுக்கும் சைக்கிளைத் தள்ளிச் செல்வோருக்கும் பாலம் திரும்பத் திறக்கப்பட்டது. பீடங்கள் சூடேறாமல் காக்கக் குளிரூட்டும் கருவி பொருத்தினார்கள். 2022 ஜூலையில் லண்டனில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டபோது சங்கிலிகளை வெள்ளி நிறப் படலத்தால் போர்த்தினார்கள். பாலத்தின் உயிரைக் காப்பதும் மக்களின் வழியைக் காப்பதும் இங்கே ஒரே வேலையாக நடந்தன. பிறகு பீடங்களில் கான்கிரீட் நிரப்பி, இறுகிப்போன பழைய பேரிங்குகளை மாற்றினார்கள். 2025 ஏப்ரலில் சைக்கிளுக்கு நடுச்சாலையும் நடப்பவர்களுக்கு இரு ஓரங்களும் என்று பாலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு சுமார் 22,000 மோட்டார் வாகனங்கள் போன பாலம் அது. முழுச் சீரமைப்புக்கு 25 கோடி பவுண்டு வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அதை யார் கொடுப்பது என்று உள்ளூர் மன்றமும் லண்டன் போக்குவரத்து நிர்வாகமும் மத்திய அரசும் பல ஆண்டுகளாக வாதாடி வருகின்றன. அந்த வாதம் முடியும்வரை காத்திருக்காமல், தாங்கக்கூடிய பாரத்துக்கு முதலில் வழி திறந்தது சரியான செயல்.

ஹேமர்ஸ்மித்தின் அந்தப் பதினொரு மாதங்களை எண்ணும்போது, ஒரு பாலத்துக்கு அருகிலேயே மெலிந்த இன்னொரு வழி இருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்று தெரிகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அப்படி ஒன்று இருந்தது. மேற்கு சியாட்டில் ஒரு தீபகற்பம். அதை நகரத்தோடு இணைக்கும் உயரமான கான்கிரீட் பாலத்தில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. 2020 மார்ச் 23 அன்று, நடுக்கண்ணில் விரிசல்கள் வேகமாக வளர்வதைப் பார்த்து உடனே மூடினார்கள். 2022 செப்டம்பரில்தான் திறந்தார்கள். அந்த இரண்டரை ஆண்டும் கார்கள் தெற்கே வேறு பாலத்துக்குச் சுற்றின. அந்தச் சுற்றுப்பாதை டுவாமிஷ் ஆற்றங்கரைக் குடியிருப்புகளின் ஊடாகப் போனது. ஏற்கெனவே தொழிற்சாலைப் புகையில் வாழும் எளிய மக்கள் வாகனப் புகையையும் சேர்த்துச் சுமந்தார்கள். ஒரு பாலத்தின் பழுது யார் வீட்டு வாசலில் போய் இறங்குகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உயர்ந்த பாலத்தின் நிழலில், கப்பல் வந்தால் திரும்பி வழிவிடும் தாழ்ந்த சுழல் பாலம் ஒன்று 1991 முதல் இருந்தது. அதைப் பகலெல்லாம் பேருந்துக்கும் சரக்கு வண்டிக்கும் அவசர ஊர்திக்கும் ஒதுக்கினார்கள். அதன் ஓரத்திலுள்ள பாதையில் சைக்கிளும் நடையும் முன்போலவே தொடர்ந்தன. கப்பல் வரும்போது காத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர, காரில் போகிறவர் நெடுந்தூரம் சுற்றிய அதே நாட்களில் சைக்கிளில் போகிறவர் நேராகப் போனார். சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் படகுச் சேவையும் விரிகுடாவைக் கடந்தது. பழுதின்போது சைக்கிள் மாற்றுவழியாக வேலை செய்ய வேண்டுமானால் அதற்கான பாதை பழுதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

இனி பாரத்தின் கணக்கு. ஒரு சைக்கிளும் அதில் ஏறியவரும் சேர்ந்து நூறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்திலும் சுமார் ஐம்பது கிலோ. ஒரு சரக்கு லாரியின் ஓர் அச்சில் பத்து டன் வரை இறங்கும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளைச் சோதனைச் சாலைகளில் ஓயாமல் ஓட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று, சாலைக்கு நேரும் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கை ஒட்டிக் கூடுகிறது என்று கண்டது. பாரம் இரட்டிப்பானால் சேதம் பதினாறு மடங்கு. இந்தக் கணக்கு சாலைப் பரப்புக்கானது, பாலத்தின் எஃகுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் பாரத்தால் எஃகு களைப்பதும் பாரம் கூடக்கூட வெகு வேகமாகக் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. தனித்தனியாகப் போகும் சைக்கிள்களால் ஒரு பெரிய பாலத்துக்கு நேரும் தேய்மானம் கணக்கில் கொள்ளத் தக்கதன்று.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மனிதர்கள் நெருக்கியடித்து நின்றால் அந்தப் பாரம் சிறியதே அல்ல. 1987 மே 24 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு ஐம்பது வயது நிறைந்த கொண்டாட்டத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் அதன்மீது ஏறிவிட்டார்கள். வில்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும் பாலத்தின் நடுப்பகுதி ஏழு அடி வரை தாழ்ந்து தட்டையானது. பாலம் தாங்கியது. பலவீனமான பாலம் தாங்கியிருக்காது. ஆகவே சைக்கிளுக்கும் நடைக்கும் வழி விடும்போது கூட்டம் தேங்காமல் பார்ப்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதி. சில பழுதுகளில் எந்தப் பாரமும் கூடாது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், எல்பே ஆற்றின்மேல் இருந்த கரோலா பாலம் அருகருகே மூன்று தனித்தனிப் பகுதிகளாகக் கட்டப்பட்டது. இரண்டைப் புதுப்பித்துவிட்டார்கள். டிராமும் சைக்கிளும் நடையும் போகும் மூன்றாவது பகுதியின் முறை 2025இல் வருவதாக இருந்தது. 2024 செப்டம்பர் 11 அதிகாலை மூன்று மணியளவில் அந்தப் பகுதி ஆற்றில் இடிந்து விழுந்தது. உள்ளிருந்த எஃகு இழைகள் அரித்துப்போயிருந்தன. சற்று முன்புதான் ஒரு டிராம் கடந்திருந்தது. யாரும் சாகவில்லை. கார்கள் போகும் பகுதிகள் முதலில், சைக்கிளும் டிராமும் போகும் பகுதி கடைசியில் என்ற வரிசையை இந்த நிகழ்வுக்குப் பிறகு என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. பொறியாளர் முழுதாக மூடு என்று சொன்னால் மூடத்தான் வேண்டும். அப்படிச் சொல்லாதபோது, வசதிக்காக எல்லோரையும் தடுத்து வைப்பதுதான் தவறு.

அடுத்தது, திறந்திருக்கும் குறுகிய பாதையில் நடப்பவரும் சைக்கிள்காரரும் ஒருவரையொருவர் எப்படிச் சகித்துக்கொள்வது என்பது. 2011 கோடையில் கோல்டன் கேட் பாலத்தின் மேற்கு நடைபாதையை நிலநடுக்கப் பாதுகாப்புப் பணிக்காக மூடினார்கள். சுற்றுலாப் பயணிகள் நின்று நின்று புகைப்படம் எடுக்கும் கிழக்கு நடைபாதையிலேயே வேலைக்குப் போகும் சைக்கிள்காரர்களும் போக வேண்டியதாயிற்று. சைக்கிளுக்கு மணிக்கு 10 மைல் வேக வரம்பு விதிக்கலாம் என்று பாலத்தின் நிர்வாகம் யோசித்தது, எதிர்ப்பு வந்ததும் ஒத்திவைத்தது. நியூயார்க்கின் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் 1931இல் திறக்கப்பட்டது. அதன் 592 தொங்கு கம்பிவடங்களையும் மாற்றும் நீண்ட பணியில் ஒரு பக்க நடைபாதையை மூடி மறுபக்கத்தில் அனைவரையும் விட்டார்கள். 2023இல் வடக்குப் பாதை படியில்லாமல் ஏறும் வசதியோடு திறந்தபோது தெற்குப் பாதையை மூடினார்கள். ஏழடி அகலத்தில் இரு திசைச் சைக்கிளும் நடையும் ஒன்றாகப் போவது கடினம். ஓடும் சைக்கிளுக்கு ஆட்டத்தோடு சேர்த்து ஒரு மீட்டர் அகலம் வேண்டும் என்று 2020இல் வெளியான பிரிட்டிஷ் வடிவமைப்பு நெறிமுறை சொல்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள் வந்தாலே இரண்டு மீட்டர் போய்விடும். நடப்பவருக்கு மிஞ்சுவது கைப்பிடிச் சுவர்தான். இந்தச் சண்டையைச் சைக்கிள்காரரின் ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசுவது வழக்கம். என் பார்வையில் இது அகலப் பிரச்சினை. மோட்டாருக்கான தடங்களில் ஒன்றைப் பழுதுக் காலத்துக்கு மட்டும் சைக்கிளுக்குத் தந்தால் பெருமளவு தீர்ந்துவிடும்.

இறங்கித் தள்ளிச் செல்லவும் என்ற பலகை இந்த இடத்தில்தான் வருகிறது. அதிகாரிகளுக்கு அது எளிய வழி. ஹேமர்ஸ்மித் பாலத்தின் நீளம் 210 மீட்டர், தள்ளிக்கொண்டு போனால் மூன்று நிமிடம். பொறுத்துக்கொள்ளலாம். கோல்டன் கேட் 2.7 கிலோமீட்டர், தள்ளினால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேரியரில் இரண்டு மூட்டை காய்கறி கட்டியவருக்கோ பால் கேன் தொங்கவிட்டவருக்கோ ஓட்டுவதைவிடத் தள்ளுவது சிரமம், வண்டி ஒரு பக்கமாகச் சாயும். கால் ஊனமுற்று மூன்று சக்கர வண்டியில் போகிறவரால் இறங்கவே முடியாது. அதே பிரிட்டிஷ் நெறிமுறை, சைக்கிளை நடையாக நடத்தாமல் ஒரு வாகனமாகவே நடத்த வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. குறுகிய தூரத்துக்கு, உண்மையிலேயே இடமில்லாதபோது மட்டும் அந்தப் பலகையை வைக்கலாம். யோசிக்க நேரமில்லாததற்கு அதைப் பதிலாக வைக்கக் கூடாது.

பழுதுக் காலம் ஒரு வாய்ப்பாகவும் அமையும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1925இல் கட்டப்பட்ட செல்வுட் பாலத்தை மாற்றியபோது, 2013 ஜனவரியில் பழைய பாலத்தின் மேற்பகுதியை அப்படியே நகர்த்திப் பக்கத்தில் தற்காலிகத் தூண்களின்மேல் வைத்தார்கள். புதிய பாலம் கட்டி முடியும்வரை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், கார்களும் சைக்கிள்களும் அதன்மேலேயே போய் வந்தன. கனடாவின் வான்கூவரில் 1932ஆம் ஆண்டின் பர்ரார்ட் பாலத்தில் ஒரு தடத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்கும் சோதனை 1996இல் நடந்தது. ஆறு மாதம் என்று தொடங்கியதைக் கார்காரர்களின் கோபத்துக்கு அஞ்சி ஒரே வாரத்தில் கைவிட்டார்கள். 2009இல் மறுபடி முயன்றார்கள். முன்னறிவித்த பெரும் நெரிசல் வரவில்லை. தடம் நிலைத்தது. பின்னாளில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள் பயணங்கள் அங்கே எண்ணப்பட்டன. கோபன்ஹேகன் நகரம் 2006 முதல் துறைமுகத்தின் குறுக்கே சைக்கிளுக்கும் நடைக்கும் மட்டுமான பாலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிவந்திருக்கிறது. அங்கே ஒரு பாலம் மூடினால் அடுத்தது பக்கத்திலேயே இருக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். பாட்னாவையும் ஹாஜிப்பூரையும் கங்கையின் மேல் இணைக்கும் மகாத்மா காந்தி பாலம் 1982இல் திறக்கப்பட்டது. நீளம் ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேல். கான்கிரீட் மேற்பகுதி தளர்ந்துபோகவே அதை முழுதாக எடுத்துவிட்டு எஃகுச் சட்டங்களைப் பொருத்தினார்கள். ஒரு பக்கத்தை இடித்துக் கட்டும்போது மறுபக்கத்தில் இரு திசை வண்டிகளையும் விட்டார்கள். மேற்குப் பக்கம் 2020 ஜூலையிலும் கிழக்குப் பக்கம் 2022 ஜூனிலும் முடிந்தன. பெரிய பாலத்தைப் பாதி பாதியாகப் பழுதுபார்க்க நம் பொறியாளர்களுக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஐந்தரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, எதிரெதிரே லாரிகள் உரசிப் போகும் ஒற்றைப் பக்கத்தில், சைக்கிள் மிதிப்பவருக்கு இறங்கி ஒதுங்கவும் இடமிருக்கவில்லை. பாதி மூடலில் இதுவே ஆபத்தான வகை. பாதை திறந்திருக்கிறது என்ற பெயர் இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

திருச்சியில் சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. கண்களுக்கு இடையேயான இணைப்புகள் பெயர்ந்து பள்ளம் விழுந்து, அடிக்கடி ஒட்டுப்போட்டும் நிற்காமல், 2022 நவம்பரில் மூடி 2023 மார்ச்சில் திறந்தார்கள். இணைப்புகளையும் பேரிங்குகளையும் மாற்றினார்கள். வண்டிகள் சென்னை நெடுஞ்சாலைப் பாலத்தின் வழியாகச் சுற்றின. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. அங்கிருந்து எங்கே போவதானாலும் பாலம் ஏறியாக வேண்டும். அந்த மாதங்களுக்குள்ளேயே 2023 ஜனவரி 2 அன்று வைகுண்ட ஏகாதசியும் வந்தது. நெடுஞ்சாலையின் வேகத்துக்கு நடுவே சைக்கிளில் போவது எப்படி இருக்கும் என்று அந்தச் சாலையில் ஒருமுறையாவது போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு அதன் அருகிலேயே இன்னொரு பாலம் கட்ட அரசு முடிவெடுத்துப் பணியையும் தொடங்கியது. ஒரு தீவுக்கு இன்னொரு பாலம் ஆடம்பரம் இல்லை. ஒன்று பழுதானால் மற்றொன்று என்ற காப்பு அது.

பழுது நடக்கும் பாலத்தில் தினமும் மிதிக்க வேண்டியவர் சில விஷயங்களைத் தெரிந்திருப்பது நல்லது. இணைப்புகளின் மேல் தற்காலிகமாகப் போடும் இரும்புத் தகடுகள் மழையில் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்கவோ வளைக்கவோ கூடாது, நேராக உருட்டிவிட வேண்டும். இடைவெளி நாம் போகும் திசையிலேயே நீண்டிருந்தால் டயர் சிக்கும். அங்கே இறங்குவதே அறிவு. வேலை நடக்கும் பகுதிகளில் தெருவிளக்கை நிறுத்திவிடுவார்கள் என்பதால் முன்விளக்கும் பின்பக்கச் சிவப்பு ஒளிப்பானும் அவசியம். சுற்று நீண்டால் மோட்டார் துணையோடு மிதிக்கும் மின்சைக்கிள் உதவும். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டவற்றுக்கு இங்கே பதிவும் உரிமமும் தேவையில்லை. ஆனால் அதன் விலை, நாம் இதுவரை பேசிய கொத்தனாருக்கும் காவலாளிக்கும் எட்டக்கூடியதன்று. தனிமனிதர் எச்சரிக்கையாக இருந்து சமாளிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. மற்றது நிர்வாகத்தின் பொறுப்பு.

வேலை நடக்கும் இடங்களில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்பதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் ஐஆர்சி எஸ்பி 55 என்ற வழிகாட்டி நூலை வைத்திருக்கிறது. புதிதாகச் சட்டம் இயற்றக்கூடத் தேவையில்லை. பாலப் பழுதுக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே, சைக்கிளுக்கும் நடைக்கும் குறைந்தது இரண்டு மீட்டர் தடுப்புக் கட்டிய பாதையை வேலை நடக்கும் காலம் முழுதும் விட்டுவைக்க வேண்டும், முடியாது என்றால் பொறியாளர் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். முழுதாக மூடியே ஆக வேண்டிய நாட்களில், இரு கரைக்கும் இடையே சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் சிறு வண்டிகளைக் காலையிலும் மாலையிலும் விடலாம். பாலம் மூடும் அறிவிப்பில் சைக்கிளுக்கான வழியும் தனியே அச்சாக வேண்டும்.

இவற்றைக் கேட்காமல் யாரும் தரப்போவதில்லை. உங்கள் ஊர்ப் பாலத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தால், ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு மனு எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பாலத்தில் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை மனுவின் முதல் வரியில் எழுதுங்கள்.